டியூப் பாய் விழுந்து எழுந்த கதை

சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர்களிடம் செய்யது அபுதாஹிர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். டியூப் பாய் என்று சொன்னால் போதும், செல்போன் எண்ணையே கொடுத்துவிடுவார்கள். திருத்தங்கலில் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில், ஷட்டர் போட்ட ஒற்றை அறைதான் அவருடைய கடை. உள்ளே நுழைந்தால் பழைய டிவிகளும் மானிட்டர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

வீடுகளில் சுவரோடு ஒட்டிய தட்டை டிவி வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் இந்த ஊர் அச்சகங்களில் தாள் வெட்டுகிற கட்டிங் மிஷின்களில் பல, வெளிநாட்டில் ஓடி முடித்து, பழையதாக இங்கே வந்து சேர்ந்தவை. அவற்றின் இரும்புக்கும் கத்திக்கும் ஒன்றும் ஆகாது. இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். மிஷினின் நெற்றியில் மட்டும் பழைய டிவி மாதிரி பிக்சர் டியூப் வைத்த ஒரு சின்ன மானிட்டர் இருக்கும். எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று பச்சை எழுத்தில் அதுதான் காட்டும். அது இருண்டுபோனால் அத்தனை பெரிய இரும்பும் குருடாகிவிடும். அதற்குப் புது மானிட்டர் கிடைக்காது. அபுதாஹிரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். மெலிந்த உடம்பு, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத குரல். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு மின்சாரத்தின் மேல் பயம் உண்டு. பயம் என்பதைவிட, பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்குள் இருக்கும்போது நாம் குரலைத் தாழ்த்திக்கொள்வோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை.

அந்த மரியாதை வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தொழில் பழகிய புதிதில் சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் கலர் டிவியைத் திறந்தார். பல நாளாகப் பரணில் கிடந்த பெட்டி அது. பிளக் அவர் காலடியில்தான் கிடந்தது. டியூபின் முதுகில் ஒரு ரப்பர் மூடி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதைக் கழற்றப் போனவரின் விரல் மூடிக்குள்ளே பட்டது. அவ்வளவுதான். கை தானாகப் பின்னால் பறந்து பெட்டிக்குள் இருந்த தகரத்தின் ஓரத்தில் மோதி, முழங்கை வரைக்கும் கிழிந்துவிட்டது. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் மண்டபத்தின் அந்தக் கோடியில் போய் விழுந்தது. தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. புது மனைவி அமீனாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றையேதான் சொன்னார்.

“பிளக்கு என் காலுக்குக் கீழ கெடந்துச்சு அமீனா. அப்ப எங்கன இருந்து வந்துச்சு?”

பிறகு அவரே தெரிந்துகொண்டார். டியூபின் கண்ணாடி, ஓடும்போது வாங்கிய மின்சாரத்தை அணைத்த பிறகும் தனக்குள் தேக்கி வைத்துக்கொள்ளும். வீட்டு கரண்ட் இருநூற்று முப்பது வோல்ட் என்றால், கலர் டிவியின் அந்த ரப்பர் மூடிக்குள் இருப்பது இருபதாயிரத்துக்கும் மேல். அது நாள்கணக்கில் அப்படியே இருக்கும், சில டியூபில் வாரக்கணக்கிலும் இருக்கும். வெளியே ஒரு சத்தமும் கிடையாது, சூடும் கிடையாது. தூசி படிந்து, சிலந்தி வலை கட்டி, செத்த சாமான் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அதிலிருந்து எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதல் வேலையாக அதை இறக்கிவிடுவார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றில் ஒயர் கட்டி, ஒயரின் மறுமுனையை டியூபின் முதுகில் ஓடும் எர்த் கம்பியில் மாட்டுவார். பிஸ்மில்லா சொல்லி, ரப்பர் மூடிக்கு அடியில் முனையை மெல்ல நுழைப்பார். ‘டப்’ என்று ஒரு சத்தமும் ஒரு நீலப் பொறியும் வரும். கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டாம் தடவையும் செய்வார். இறைத்து வற்றிய கிணற்றில் மறுபடி ஊற்று கசிவதுபோல அந்தக் கண்ணாடிக்குள் மறுபடியும் கொஞ்சம் ஊறி நிற்கும்.

கரண்ட் ஓடும்போதே பார்க்க வேண்டிய வேலை என்றால் இன்னொரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வலது கை மட்டும்தான் பெட்டிக்குள் போகும். இடது கை பேண்ட் பாக்கெட்டிலேயே இருக்கும். ஒரு கையில் ஏறும் மின்சாரம் மறு கை வழியாக இறங்கினால், அது போகும் பாதை நெஞ்சு. அந்தப் பாதையைத் திறந்துவிடக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு, ஏதோ ஒய்யாரமாக நின்று வேலை செய்கிற ஆள்போலத் தெரியும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. தினசரி காலண்டருக்கு அதுதான் சீசன். சாத்தூர் சாலையில் அச்சகம் வைத்திருந்த செந்தூர்பாண்டி அண்ணாச்சி காலையிலேயே போன் செய்தார்.

“பாய், கட்டிங் மிஷினுக்குக் கண்ணு போயிருச்சு. ஆர்டர் எல்லாம் தாளா கெடக்கு. செத்த சீக்கிரம் வாங்க.”

மழைச்சட்டையோடு ஸ்கூட்டரில் போய் இறங்கினார் அபுதாஹிர். மானிட்டரைக் கூட்டிலிருந்து கழற்றினால், அதற்கு வரும் ஒயர் மிகவும் குட்டையாக இருந்தது. கரண்ட் மிஷினின் உள்ளிருந்தே வந்ததால், வழக்கமாக நடுவில் வைத்துக்கொள்ளும் டிரான்ஸ்ஃபார்மரை அன்றைக்கு வைக்க முடியவில்லை. அந்த டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் மெயின் கரண்டுக்கும் பெட்டிக்கும் நேரடித் தொடர்பு இருக்காது. நீள ஒயர் இழுக்க நேரம் இல்லாததால் மானிட்டரை மிஷினின் இரும்பு மேஜைமேல் ஒரு பலகை போட்டு வைத்தார். பக்கத்திலேயே, வெட்டுவதற்காக அடுக்கிய காலண்டர் அட்டைகள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன.

ஸ்க்ரூடிரைவரை நுழைத்தார். நீலப் பொறி பறந்தது. காலண்டரின் தலைப்பக்கம் தகரப் பட்டை அடிக்கும் பெண்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி ரோஜா. மற்றவள் பொன்னுத்தங்கம். அவள் முன்பு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவள். நாற்பதை நெருங்கிய, உறுதியான தோள்கள் உள்ள பெண்.

“என்ன பாய், இப்பிடிப் பயந்து பயந்து தொடுறீக. வெடிக்குக்கூட நாங்க இம்புட்டுப் பயந்ததில்ல.”

“வெடிக்குத் திரி வேணும்மா. இது திரி இல்லாமலே காத்துக்கிட்டு இருக்கும்” என்றார் அபுதாஹிர்.

போர்டில் ஒரு இடத்தில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. அதைச் சூடு வைத்துச் சேர்த்தார். சுவிட்சைப் போட்டதும் பச்சை எழுத்து வந்தது. ஆனால் ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டத்தை நிறுத்த, கரண்ட் ஓடும்போதே உள்ளே ஒரு திருகைத் திருப்ப வேண்டும். இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வலது கையில் பிளாஸ்டிக் குச்சியோடு குனிந்தார். எழுத்து ஆட்டம் நின்று நேராக வருகிற சமயம், பக்கத்தில் இருந்த அட்டை அடுக்கு சரிய ஆரம்பித்தது. ஈரக் காற்றில் ஊறிய அட்டை மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

கீழே விழுகிற பொருளைப் பிடிக்கப் போவது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. இடது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. அட்டையைப் பிடிக்கப் பாய்ந்து இரும்பு மேஜையில் ஊன்றியது. சாய்ந்த வேகத்தில் வலது கை போர்டில் கரண்ட் ஏறி நின்ற அலுமினியத் தகட்டின்மேல் பட்டது. நெஞ்சு வழியாகப் பாதை திறந்துவிட்டது.

அபுதாஹிருக்கு அட்டை சரிந்தது வரைதான் நினைவு இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

அவர் கத்தவில்லை. வில்லாக விறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றார். செந்தூர்பாண்டி, “ஐயோ பாய்!” என்று அவர் தோளைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டார்.

“ஆரும் தொடாதீக!” என்று பொன்னுத்தங்கம் கத்திய கத்தில் அண்ணாச்சியின் கை அந்தரத்திலேயே நின்றது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று ஊறிப்போயிருக்கும். விபத்து நடந்த இடத்துக்குள் ஓடாதே, முதலில் நின்று பார். பொன்னுத்தங்கம் அபுதாஹிர் பக்கம் போகவே இல்லை. சுவரில் இருந்த மிஷினின் மெயின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மூட்டை சரிவதுபோல அவர் தரையில் விழுந்தார்.

கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. ஒரே ஒரு தடவை குறட்டைபோல ஒரு இழுப்பு வந்து நின்றுவிட்டது. தண்ணீர் தெளிக்கச் சொன்னார் ஒருவர். உள்ளங்காலைத் தேய்க்கச் சொன்னார் இன்னொருவர். யாரோ சோடா வாங்க மழையில் ஓடினார்.

“நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே பொன்னுத்தங்கம் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். பட்டாசுக் கம்பெனியில் இருந்தபோது எல்லோரையும் உட்காரவைத்து முதலுதவி சொல்லிக் கொடுத்தார்கள். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிக் காட்டச் சொன்னபோது, பொம்மையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தவள் அவள். நெஞ்சின் நடுவில், ஒரு உள்ளங்கைமேல் மறு உள்ளங்கை, முழங்கை மடங்கக் கூடாது, இரண்டு அங்குலம் இறங்க வேண்டும் என்பதெல்லாம் நினைவு இருந்தது. நிமிடத்துக்கு நூறுக்கு மேல் அமுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நிமிடத்துக்கு நூறு என்பது எந்த வேகம்? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த கூடத்தில் அச்சடிக்கும் ஆஃப்செட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே நடந்தது அதை ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. மணிக்கு ஆறாயிரம் தாளுக்குக் கொஞ்சம் மேலே ஓடும் மிஷின் அது. சடக், சடக், சடக் என்று ஒவ்வொரு தாளும் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தில் பொன்னுத்தங்கத்தின் கை தானாக இறங்கியது. ஒரு தாள் விழ, ஒரு அமுக்கு. மணிக்கு ஆறாயிரம் என்றால் நிமிடத்துக்கு நூறு என்ற கணக்கை அப்போது யாரும் போடவில்லை. பிறகு போட்டுப் பார்த்தபோது அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

நாலைந்து அமுக்கில் உள்ளே ‘பொடுக்’ என்றது. விலா எலும்பு. அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனால் கை நிற்கவில்லை.

“போதும் பொன்னுத்தங்கம். மனுசனப் போட்டு நொறுக்காத. உசுரு போயிருச்சு” என்று செந்தூர்பாண்டி அழுதுகொண்டே சொன்னார்.

அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். தோள் விட்டுப்போனபோது ரோஜாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ரோஜா உட்கார்ந்து அதே தாளத்தில் அமுக்கினாள். பிறகு மறுபடி பொன்னுத்தங்கம். அட்டைகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. முருகனும் லட்சுமியும் பனிமலையும் பூங்கொத்துமாக நூற்றுக்கணக்கில் கிடந்த படங்களின் நடுவே இரண்டு பெண்கள் மாறி மாறி ஒரு நெஞ்சை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த மருத்துவ உதவியாளர் மகேஷ்குமார் ஒரு பெட்டியைத் திறந்து, நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டினார். “அமுக்கினது ஆரு? நல்லா அமுக்கியிருக்கீக. இப்ப எல்லாரும் விலகுங்க, ஆரும் அவரத் தொடக் கூடாது” என்றார். பொத்தானை அமுக்கியதும் அபுதாஹிரின் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கச் சொன்னார். மறுபடி விலகச் சொன்னார். இரண்டாவது தடவை உடம்பு தூக்கிப்போட்டபோது, பெட்டியின் சின்னத் திரையில் கிறுக்கலாக ஓடிய கோடு ஒரு கணம் வெறுமையாகி, பிறகு ஒரு மேடு, இன்னொரு மேடு என்று ஏறியது. அபுதாஹிர் இருமினார்.

பொன்னுத்தங்கம் தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு நினைவு தெளிந்தது. நெஞ்சில் மூச்சு விடமுடியாத வலி. வலது கை விரலிலும் இடது உள்ளங்கையிலும் வட்டமாக ஒரு கருக்கல். மின்சாரம் நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் அவை. அவருக்குச் சிகிச்சை பார்த்தவர் டாக்டர் பிரீத்திகா, வயதில் சின்னவர். பேச்சு வந்த அன்றைக்கே அபுதாஹிர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “எனக்கு என்னம்மா செஞ்சாங்க?” என்பது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். “உங்க இதயம் நிக்கல பாய். நின்னுருந்தா கஷ்டம். அது ஒழுங்கில்லாம நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. ரத்தம் ஓடல. அந்த அக்கா கையால அமுக்கித்தான் மூளைக்கு ரத்தத்த அனுப்பியிருக்காங்க. அப்புறம் ஆம்புலன்ஸ்ல ஷாக் குடுத்து சரியாக்கினாங்க.”

“ஷாக்கா? ஷாக் அடிச்ச ஆளுக்கா?”

“ஆமா.”

“எத்தன வோல்ட்டும்மா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “ஏறத்தாழ ரெண்டாயிரம் வரைக்கும் இருக்கும். கண் இமைக்கிறதுக்கு முன்னாடி முடிஞ்சுரும்.”

“எதுல இருந்து வருது? நேரா கரண்ட்டா?”

“இல்ல, பேட்டரி. பேட்டரியில இருந்து ஒரு கெப்பாசிட்டர்ல ஏத்தி வச்சு, அத ஒரே மூச்சில நெஞ்சுல இறக்கிருவாங்க.”

அபுதாஹிர் கண்ணை மூடிக்கொண்டார். தேக்கி வைப்பது, ஒரே மூச்சில் இறக்குவது. இத்தனை வருடமாக எதைக் கண்டு ஒதுங்கி நின்றாரோ, எதை ஸ்க்ரூடிரைவரால் தீர்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட்டாரோ, அதே சங்கதி. அதைத்தான் தன் நெஞ்சில் இறக்கியிருக்கிறார்கள். அதனால்தான் இப்போது இந்தக் கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

“அது எப்பிடிம்மா சரியாக்கும்?” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“இதயத்துல ஒரு சின்ன இடம் இருக்கு பாய். அதுதான் ஒவ்வொரு துடிப்புக்கும் துளியூண்டு மின்சாரம் குடுக்கும். வெளிய இருந்து வந்த கரண்ட்டுல உள்ள ஒவ்வொரு தசையும் தன்னிஷ்டத்துக்குக் கத்த ஆரம்பிச்சிருச்சு. நாங்க குடுக்குற ஷாக் எல்லாத்தையும் ஒரு நொடி ‘சும்மா இரு’ன்னு அடக்கும். அந்த அமைதியில, பழைய இடம் தானா மறுபடி ஆரம்பிக்கும். ஆரம்பிக்கறது அதுவேதான். நாங்க இல்ல.”

அன்று முழுக்க அபுதாஹிர் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே படுத்திருந்தார். உள்ளே தட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்றாமல், பிளக் சொருகாமல், தாயின் வயிற்றிலேயே ஆரம்பித்து, அவர் தூங்கின ராத்திரியெல்லாம் தூங்காமல் ஓடிய ஒன்று. ஆயிரம் டிவியைத் திறந்து பார்த்தவர், தன் விலாவுக்குள் இருந்த இந்த மின்சாரத்தை ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

“இத ஆரு அமீனா சுவிட்சுப் போட்டது?” என்றார், பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம்.

“அல்லா போட்டது. பேசாமப் படுங்க, நெஞ்சு வலிக்கும்” என்றாள் அமீனா. சொல்லிவிட்டு அவளும் ஒரு தரம் அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நடமாட ஆரம்பித்ததும் அவர் முதலில் போனது மகேஷ்குமாரைத் தேடித்தான். ஆம்புலன்ஸ் ஒரு வேப்பமரத்தடியில் அழைப்புக்குக் காத்து நின்றது. அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். பரிசோதனைக்காகத் தினமும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம்தான் என்று மகேஷ்குமார் பெட்டியைத் திறந்து, பொத்தானை அமுக்கிக் காட்டினார். உள்ளே ‘கீ…’ என்று மெலிதாக ஆரம்பித்து மேலே மேலே ஏறிய ஒலியைக் கேட்டதும் அபுதாஹிர் ஓர் அடி பின்னால் போய்விட்டார். தேங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“ஏத்திட்டு ஆருக்கும் குடுக்கலைன்னா? அப்பிடியே நிக்குமா?”

“இல்ல பாய். கொஞ்ச நேரம் பாக்கும். குடுக்கலைன்னா தானே உள்ளுக்குள்ள இறக்கிரும்.”

“தானேயா?” அவர் அந்தப் பெட்டியை, பெரிய மகானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நல்ல குணமுள்ள மிஷினு தம்பி.”

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து, அவரும் அமீனாவும் பொன்னுத்தங்கத்தின் வீட்டுக்குப் போனார்கள். அமீனா தேங்காய்ச் சோறும் கோழிக் குழம்பும் தூக்குச் சட்டியில் கொண்டுபோயிருந்தாள். பொன்னுத்தங்கம் வாசலில் நின்றவள் அபுதாஹிரின் முகத்தைப் பார்க்காமல் அவர் நெஞ்சையே பார்த்தாள்.

“எலும்பு கூடிருச்சா பாய்?”

“கூடிக்கிட்டு இருக்கும்மா.”

“அது ஒடிஞ்சது என் கையில தெரிஞ்சுச்சு. நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். அப்ப ரெண்டு நாளு சோத்துல கைய வைக்க முடியல. அந்தச் சத்தம் கையிலயே இருந்துச்சு.”

மருத்துவமனையிலிருந்தே கேட்க நினைத்ததை அபுதாஹிர் கேட்டார். “எல்லாரும் நிப்பாட்டச் சொன்னாகளாம். நீ ஏம்மா நிப்பாட்டல?”

“நிப்பாட்டினாத் தெரிஞ்சுரும்ல பாய். நான் அமுக்குற வரைக்கும் நீங்க இருக்கீக. அம்புட்டுத்தான் தோணுச்சு.”

அமீனா தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். பொன்னுத்தங்கத்தின் இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தகரம் அடித்துக் காய்த்துப்போன கைகள். இரண்டு பெண்களும் அழுது முடிக்கும்வரை அபுதாஹிர் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொன்னுத்தங்கம்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சோறு ஆறுது, உள்ள வாங்க” என்று சிரித்தாள். குழம்பில் காரம் பத்தாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மானிட்டர் இன்னும் செந்தூர்பாண்டியின் அச்சகத்தில்தான் இருந்தது. அவர் தாளையெல்லாம் வேறு அச்சகத்துக்கு அனுப்பி வெட்டிக்கொண்டிருந்தார். மானிட்டரை மட்டும் பாலிதீன் உறை போட்டு மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். கூட்டுகிறவர்கள்கூட அந்த மூலைக்குப் போவதில்லை.

“வேண்டாம் பாய். மிஷினையே வித்துருதேன். அதத் தொடவே வேண்டாம்” என்றார் செந்தூர்பாண்டி.

“இல்ல அண்ணாச்சி. நான் பாதியில விட்டுட்டுப் போன வேல” என்றார் அபுதாஹிர்.

அமீனா ஒரு நிபந்தனை போட்டாள். தானும் கூட வருவேன் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்யும் இடத்தில் அவள் நின்றதே இல்லை. அன்றைக்கு வந்தாள்.

இந்த முறை அவர் நீளமாக ஒயர் இழுத்து, நடுவில் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு, இரும்பே பக்கத்தில் இல்லாத மர மேஜையில் மானிட்டரை வைத்தார். மெயின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பொன்னுத்தங்கம் நின்றாள். எல்லாம் தயாரான பிறகும் அவரால் கிட்டே போக முடியவில்லை. ஒரு டீ குடித்தார். இன்னொரு டீ குடித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பிறகு எழுந்து, ஸ்க்ரூடிரைவரின் ஒயரை எர்த்தில் மாட்டி, பிஸ்மில்லா சொல்லி, முனையை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். ‘டிக்’.

சன்னமான ஒரு சத்தம், நூல்போல ஒரு நீலம். எல்லோரும் பார்த்தார்கள். அபுதாஹிர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“என்னங்க?” என்றாள் அமீனா.

“அன்னைக்கு மீந்தது” என்றார் அவர், மிக மெதுவாக. “நான் விழுந்தனே, அன்னைக்கு ஏறினது. நான் ஆஸ்பத்திரியில படுத்து, எந்திரிச்சு, இங்கன வந்து நிக்கிற வரைக்கும் இது உள்ளயே இருந்திருக்கு.”

செந்தூர்பாண்டி தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அமீனா அந்தக் கறுத்த கண்ணாடிக் குடுவையையும், அதன்முன் குனிந்து நின்ற தன் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதையா இத்தன வருசமா கையில வச்சுப் பொழங்குனீக?” என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

இரண்டாம் முறை நுழைத்தபோது ஒன்றும் வரவில்லை. சுவிட்சைப் போடச் சொன்னார். இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் குச்சியால் திருகைத் துளித்துளியாகத் திருப்பினார். ஆடிக்கொண்டிருந்த எழுத்து மெல்ல அடங்கி, பச்சையாக, நேராக நின்றது. அவர் விலகி வந்த பிறகுதான் பொன்னுத்தங்கம் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். மதியத்துக்குள் மானிட்டரைக் கூட்டில் பூட்டிவிட்டார். முதல் அடுக்கு அட்டை மேஜைக்கு ஏறியது. கத்தி இறங்கி, ஓரங்கள் சீவலாக விழுந்தன.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் அமீனா உட்கார்ந்திருந்தாள். திருத்தங்கல் நெருங்கும்போது, “அடுத்த மிஷினு எங்கன இருக்கு?” என்று கேட்டாள்.

“ஏன்?”

“மெயின் கைப்பிடியப் பிடிக்க ஆள் வேணும்ல.”

அபுதாஹிர் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார். விலா வலித்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த வருடம் சீசன் முடிவதற்குள் மகேஷ்குமாரை வரவழைத்து, செந்தூர்பாண்டி தன் அச்சகத்தில் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சி வைத்தார். பொம்மையை முதலில் அமுக்கிக் காட்டச் சொன்னது பொன்னுத்தங்கத்தைத்தான். இப்போது அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பிறகு ரோஜா, ரோஜாவுக்குப் பிறகு அமீனா. அபுதாஹிர் ஒரு ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு என்ன செய்தார்கள் என்பதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். அந்த வேகத்தையும் அந்த ஆழத்தையும் பார்க்கப் பார்க்க அவர் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

இப்போது டியூப் பாயைக் கூப்பிட்டால் இரண்டு பேராகத்தான் வருவார்கள். அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் அமீனா நேராகச் சுவருக்குப் போய், மெயின் கைப்பிடி எது என்று கேட்டு, ஒரு தரம் இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொள்வாள். டீ கொடுத்தால்கூட வேலை முடியட்டும் என்பாள்.